தலைச்சன்

மூடியில் எண் எழுதுவது என் வேலை.
பென்சிலால்தான். மை, எண்ணெய் பட்டால் வழுக்கிப் போகும்.
கொழுப்பு, நான்கு விரல் கனம், தோலோடு.
அலுமினியத் தாள், அதன்மேல் இரண்டு பை,
மைனஸ் இருபது.
கடல் உறைவதற்குள் கடைசிக் கப்பல் வரும்.
அதில் டென்மார்க் போகும்.

இதைச் சுட்டவன் என் மைத்துனன் பாவியா.
பனி கெட்டியாக இருந்த நாளில்
ஓர்க்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.
இப்போது ஆகஸ்டு பிறந்தால்
தாசீலாக் வளைகுடா வாயில் வரிசையாக மூச்சு விடுகின்றன.
துடுப்பின் வளைவைப் பார்த்து
'அடடா, பெண்' என்றானாம்.
அதற்குள் விசை அழுந்தியிருந்தது.
பக்கத்தில் கன்று ஏதும் இல்லை என்று
கேட்காமலே இரண்டு தரம் சொன்னான்.

இந்தக் கரையில் யாரும் மின்மாற்றி செய்ததில்லை.
புகைபோக்கி என்றால் வீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான்.
எரியாது, கெடாது, காலத்துக்கும் நிற்கும் என்று
எங்கோ எவனோ விற்ற எண்ணெய்.
நான் பிறப்பதற்குள் தடையும் போட்டுவிட்டார்களாம்.
எண்ணெய் சொன்ன சொல் தவறவில்லை:
கெடவில்லை.
வெயில் ஊரில் ஆவியாகி எழும்,
குளிர் கண்ட இடத்தில் இறங்கும்,
மறுபடி எழும், மறுபடி இறங்கும்,
இதற்கு மேல் குளிர் இல்லை என்கிற இடம் வந்ததும்
உட்கார்ந்துவிடும்.
பாசியில் ஒரு துளியின் நிழல்.
மீனில் துளி.
சீலில் கரண்டி.
சீலைத் தின்று தின்று வளர்ந்தவளிடம்,

எவனுடைய கொழுப்போ
இவளுடைய கொழுப்பில்.

ஏப்ரலில் ஆஸ்கெர் போன் செய்தார்.
நல்ல மனிதர்.
சிக்கர்சோக் என்ற என் பெயரை
உடைக்காமல் சொல்லப் பழகியவர்.
'ஆச்சரியம், உங்கள் பெண்ணிடம் அளவு குறைவு.
கூட்டத்து ஆணிடம் இதைப்போல ஐந்து மடங்கு.'
ஏன் என்றேன்.
பால் என்றார்.
கொழுப்பில் சேர்ந்தது பாலோடு இறங்கிவிடும்.
தலைச்சன் கன்றுக்குத்தான் பெரும்பங்கு,
அடுத்ததற்குக் குறைவு, அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு.
'தாய் சுத்தமாகிவிடுகிறாள்.'
சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்
அவரே சற்று நேரம் பேசவில்லை.

என்னிடமும் ஒரு தரம் கேட்டார்கள்.
மீக்கா பிறந்த இருபதாம் நாள், ஆஸ்பத்திரியில்,
சின்னக் கண்ணாடிச் சீசா.
அந்த மூடியிலும் நானேதான் எண் எழுதினேன்.
எழுதிய கையோடு வீட்டுக்கு வந்து
மறு மார்பை அவன் வாயில் வைத்தேன்.

மீக்காவுக்கு இப்போது பதினொன்று.
எழுத்துகள் அவனைக் கண்டால் இடம் மாறி உட்காரும்.
ஜுரம் வந்தால் இரண்டு வாரம்.
தங்கை நிவி, நாய்களோடு ஓடினால் நாய்களுக்கு இளைக்கும்.
ஒரு பிள்ளை போல் இன்னொரு பிள்ளை இருக்காது என்கிறார் மருத்துவர்.
இருக்காதுதான்.
ஆம் என்று யாரும் சொல்லவில்லை.
இல்லை என்றும்.

குளிர்பெட்டியில் மேல் தட்டு வேலைக்கு,
கீழ் தட்டு வீட்டுக்கு.
மேலே எண் போட்ட பை, கீழே எண் போடாத பை.
ஒரே விலங்கு.
கடையில் கல்லாய் உறைந்த டேனிஷ் கோழி இருக்கிறது;
அதை வாங்கும் காசில்
பாவியா மூன்று நாள் படகு ஓட்டுவான்.

பலகையில் மத்தாக் நறுக்குகிறேன்,
தோல் கறுப்பு, அடியில் வெள்ளை, சிறு சிறு சதுரம்.
இருவரும் தட்டை நீட்டுகிறார்கள்.
நாளை தாயாகப் போகிறவள் குறைத்து உண்க என்று
ஆஸ்பத்திரிச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது.
நிவியின் தட்டில் இரண்டோடு நிறுத்துகிறேன்.
ஏற்கெனவே உண்டவனுக்கு
எந்தச் சுவரிலும் தாள் இல்லை.

'அம்மா,' என்கிறான் மீக்கா,
'சோயா சாஸ் எங்கே?'